ஹைபிரிட் காரில் எரிபொருள் சிக்கனம்: வடக்கு வீதிகளில் ஓட்டுவோருக்கான கையேடு

கார் என்றால் வசதிக்காரரின் பொருள் என்ற எண்ணம் எங்கள் பகுதியில் இன்னும் முழுமையாகப் போகவில்லை. ஆனால் போரில் இடது காலை இழந்த ஒருவருக்கு, கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத ஓட்டோ கியர் கார் என்பது வேலைக்குப் போவதற்கான வழி. முல்லைத்தீவிலோ மன்னாரிலோ உள்ள ஒரு கிராமத்திலிருந்து கிளினிக்குக்கும், காணிப் பிணக்குக்கும், காணாமல் ஆக்கப்பட்டவர்கள் தொடர்பான விசாரணைக்கும் போகவேண்டிய குடும்பங்கள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து ஒரு காரை ஹயருக்குப் பிடிக்கின்றன. அந்தப் பயணத்தின் செலவில் பெரும்பகுதி பெற்றோல்தான். லீசிங் கட்டிக்கொண்டு அந்தக் காரை ஓட்டுபவருக்கு மாதக் கடைசியில் கையில் மிஞ்சுவதையும் பெற்றோல்தான் தீர்மானிக்கிறது.

2022 ஜூன் மாதக் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாவைத் தொட்டது. அதன்பின் வந்த கியூஆர் முறையில் ஆரம்பத்தில் ஒரு காருக்கு வாரம் 20 லீற்றர் மட்டுமே கிடைத்தது. 'லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது?' என்ற கேள்வி அப்போது எல்லோருடைய வாயிலும் வந்தது. வரிசைகள் போய்விட்டாலும் அந்தக் கேள்வி போகவில்லை.

செய்தி சேகரிப்புக்காக நான் வன்னிப் பக்கம் போய்வருவது ஒரு பழைய டொயோட்டா அக்வாவில். ஹயர் ஓட்டுபவர்களோடும் கராஜ்காரர்களோடும் பேசும்போது ஒன்று தெளிவாகிறது. பலர் ஹைபிரிட் காரை வாங்கிவிட்டார்கள். ஆனால் சாதாரணக் காரை ஓட்டுவதுபோலவே அதையும் ஓட்டுகிறார்கள். ஹைபிரிட் என்ற பெயர் எரிபொருளை மிச்சப்படுத்தாது. மிச்சப்படுத்தும் வாய்ப்பை அது தருகிறது. அதை எடுப்பதும் விடுவதும் ஓட்டுபவரின் காலில் இருக்கிறது.

பெற்றோலைத் தவிர வேறு வரவு இல்லை

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களையவேண்டும். வீட்டில் மின்சாரம் ஏற்றிக்கொள்ளும் வகையைச் சேராத சாதாரண ஹைபிரிட் காரில், பற்றரிக்குள் இருக்கும் மின்சாரம் இலவசமாக வந்ததல்ல. அது முழுவதும் தாங்கியில் நாம் ஊற்றிய பெற்றோலிலிருந்து வந்தது. எஞ்சின் ஓடும்போது சேமித்தது ஒரு பகுதி. பிரேக் பிடிக்கும்போது வீணாகப் போகவிருந்ததை மீட்டெடுத்தது மறுபகுதி. பற்றரி ஓர் உண்டியல். நாம் போட்டதைத்தான் அது திருப்பித் தரும், அதுவும் போடும்போதும் எடுக்கும்போதும் கொஞ்சம் கழித்துக்கொண்டு.

அக்வாவின் பற்றரி 144 வோல்ற் கொண்டது. அதன் முழுக் கொள்ளளவே ஒரு யூனிற் மின்சாரத்துக்குச் சற்றுக் குறைவு. அதிலும் ஒரு பகுதியை மட்டுமே கார் பயன்படுத்த விடும். எனவே பற்றரியில் தூரம் ஓடலாம் என்று நினைப்பதில் பொருளில்லை. பற்றரி இருப்பதால் எஞ்சின் தேவையில்லாத நேரத்தில் முழுதாக நிற்கிறது. பிரேக்கில் போகும் சக்தி திரும்பக் கிடைக்கிறது. சிக்கனம் வருவது இந்த இரண்டிலிருந்துதான்.

எங்கள் வீதிகளில் அதிகம் காணும் ஹைபிரிட்கள் மூன்று வகை. டொயோட்டா பிரியஸ், அக்வா, அக்ஸியோ ஹைபிரிட் போன்றவை முழு ஹைபிரிட்கள். குறைந்த வேகத்தில் இவை எஞ்சினை நிறுத்திவிட்டு மோட்டாரில் மட்டும் ஓடக்கூடியவை. 2013ஐ ஒட்டி வந்த ஹொண்டா ஃபிட், வெசல், கிரேஸ் ஆகியவையும் அப்படி ஓடும். ஆனால் அவற்றில் இருப்பது இரட்டைக் கிளட்ச் கொண்ட ஏழு கியர் பெட்டி. சுசுகி வெகன் ஆர் இலேசான ஹைபிரிட். அதன் சிறிய மோட்டார் எஞ்சினுக்குக் கைகொடுக்குமே தவிர, மின்சாரத்தில் மட்டும் காரை நீண்ட தூரம் ஓட்டாது. கீழே சொல்பவை பெரும்பாலும் மூன்றுக்கும் பொருந்தும். பொருந்தாத இடத்தைத் தனியே குறிப்பிடுகிறேன்.

ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு விலை உண்டு

ஆட்களோடு சேர்த்து 1,250 கிலோ எடையுள்ள ஒரு கார் 60 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது என்று வைப்போம். அந்த வேகத்தை அது பெறுவதற்கு எஞ்சின் ஏறத்தாழ 15 மில்லிலீற்றர் பெற்றோலை எரித்திருக்கும். அது ஒரு மேசைக்கரண்டி அளவு. சாதாரணக் காரில் பிரேக்கை மிதித்து நிறுத்தினால் அந்த ஒரு கரண்டியும் பிரேக் தட்டில் சூடாகிக் காற்றோடு போய்விடும். ஹைபிரிட்டில் மோட்டார் ஜெனரேற்றராக மாறி அதில் ஒரு பகுதியைப் பற்றரிக்குத் திருப்பி அனுப்புகிறது.

எவ்வளவு திரும்பும் என்பது பிரேக்கை மிதிக்கும் விதத்தில் இருக்கிறது. தூரத்திலேயே அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்து, பிறகு மெதுவாக, நீண்ட நேரம் பிரேக்கை அழுத்தினால் வேலையின் பெரும்பகுதியை மோட்டாரே செய்யும். கடைசி நேரத்தில் ஓங்கி மிதித்தால் மோட்டாரால் அவ்வளவையும் ஏற்கமுடியாது. மிச்சத்தைச் சாதாரண பிரேக் எடுத்துக்கொள்ளும். டாஷ்போர்ட்டில் உள்ள சக்தி அளவுகோலில் மீட்பைக் காட்டும் பகுதி முழுதாக நிரம்பிவிட்டால், அதற்கு மேல் மிதிப்பது வீண் என்று பொருள்.

பிரேக்கே பிடிக்காமல் போவது இதைவிட நல்லது. மீட்கும்போதும் இழப்பு உண்டு என்பதால், வேகத்தைக் காப்பாற்றுவதற்கு நிகராக ஒன்றுமில்லை. எங்கள் வீதிகளில் இதற்குக் கண்தான் வேண்டும். முன்னால் போகும் பஸ் எந்தத் தரிப்பிடத்தில் நிற்கும், ரயில் கடவை மூடப்போகிறதா, வீதியோரத்தில் மாடுகள் நிற்கின்றனவா, அறுவடைக் காலத்தில் வீதியில் நெல் காயப்போட்டிருக்கிறதா, பாடசாலை விடும் நேரமா என்பதை இருநூறு மீற்றர் முன்பே பார்த்துக் காலை எடுத்துவிட்டால் பல இடங்களில் நிற்காமலே கடந்துவிடலாம். முன்னால் போகும் வாகனத்துக்கு மூன்று விநாடி இடைவெளி விடுவது உயிருக்கும் நல்லது, பெற்றோலுக்கும் நல்லது.

கிளம்பும்போது ஊர வேண்டாம்

மெதுவாகக் கிளம்பினால் சிக்கனம் என்று பலர் ஆமைபோல ஊர்கிறார்கள். முழு ஹைபிரிட்டில் இது பயன் தராது. நீண்ட நேரம் பற்றரியில் ஊர்ந்தால் பற்றரி இறங்கும். பிறகு எஞ்சின் ஓடி அதை நிரப்பும். பெற்றோலை மின்சாரமாக்கி, அதைச் சேமித்து, மீண்டும் இயக்கமாக்கும் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் இழக்கிறோம். எஞ்சின் நடுத்தரச் சுமையில்தான் நன்றாக வேலை செய்யும். எனவே அளவுகோலின் 'எக்கோ' பகுதிக்குள், அதன் மேல் எல்லையைத் தாண்டாமல், சீராக வேகத்தை எடுங்கள். வேண்டிய வேகம் வந்ததும் காலை ஒருமுறை தளர்த்துங்கள். எஞ்சின் நின்றுவிடும் அல்லது இலேசாகும். பிறகு அந்த வேகத்தைக் காக்கும் அளவுக்கு மட்டும் மிதித்தால் போதும்.

'ஈவி' பொத்தானை அழுத்தி எஞ்சினைக் கட்டாயமாக நிறுத்துவதும் இதே காரணத்தால் பெரும்பாலும் பயனற்றது. வாகனத் தரிப்பிடத்துக்குள் நகர்த்துவதற்கு அது போதும். மற்ற நேரங்களில் எப்போது எஞ்சினை நிறுத்துவது என்பதைக் காரின் கணினி எங்களைவிட நன்றாகக் கணக்கிடும்.

மேலே குறிப்பிட்ட ஹொண்டா கார்களை வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்த்தினால் கிளட்ச் சூடாகும். முன்னால் சற்று இடைவெளி விழவிட்டு, பிறகு ஒரேயடியாக நகர்வது கியர் பெட்டிக்கு நல்லது.

ஏ9 வீதியில் வேகமும் காற்றும்

ஹைபிரிட் தன் திறமையைக் காட்டுவது நகரத்துக்குள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் சுமார் 400 கிலோமீற்றர் ஓடும் நெடும்பயணத்தில் பிரேக் குறைவு. எஞ்சின் பெரும்பாலான நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே எதிரி காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாகக் கூடும். 70இல் போவதை 90 ஆக்கினால் வேகம் 29 சதவீதம் கூடுகிறது. காற்றின் எதிர்ப்போ 65 சதவீதம் கூடுகிறது.

நகர எல்லைக்கு வெளியே கார்களுக்கான சட்டபூர்வ வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். மூன்றாம் தலைமுறை பிரியஸில் காலை எடுத்தால் எஞ்சின் முழுதாக நிற்கக்கூடிய எல்லையும் சுமார் 70தான். அதற்கு மேலே போனால் எரிபொருள் எரியாத நேரத்திலும் எஞ்சின் சுழன்றுகொண்டிருக்கும். ஆகவே 65க்கும் 70க்கும் இடையில் ஓடுவது சட்டத்துக்கும் சரி, பெற்றோலுக்கும் சரி. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வரை சுமார் 140 கிலோமீற்றர். கணக்குப்படி 70இல் இரண்டு மணித்தியாலம். 90இல் அரை மணித்தியாலம் குறைவு. ஆனால் வழியில் வரும் நகரங்களும் கடவைகளும் மாடுகளும் அந்த அரை மணித்தியாலத்தில் பாதியைத் தின்றுவிடும்.

சோளகக் காலத்தில் ஆனையிறவு வெளியிலும் பூநகரி சங்குப்பிட்டிப் பக்கத்திலும் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். தெற்கு நோக்கிப் போகும்போது அது எதிர்க்காற்று. 70இல் போகும் காருக்கு 20 கிலோமீற்றர் எதிர்க்காற்று சேர்ந்தால், காற்றைப் பொறுத்தவரை அது 90இல் போகிறது. அப்படியான நாளில் பத்துக் கிலோமீற்றர் வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். கூரையில் வெறும் கரியர் பூட்டியிருந்தால், தேவையில்லாத நாட்களில் கழற்றி வையுங்கள்.

பழைய பழக்கங்களில் எவற்றை விடவேண்டும்?

எரிபொருள் சிக்கனம் எங்களுக்குப் புதிதல்ல. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் பெற்றோல் கிடைக்காத ஊரில் மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிரிஜ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சினை உசுப்ப மட்டும் சில துளி பெற்றோல் கொடுப்பார்கள். என் வயதுக்காரர்கள் சிறுவயதில் முகர்ந்த வாகனப் புகை அந்த மண்ணெண்ணெய்ப் புகைதான். அந்தத் தலைமுறை கற்றுக்கொண்ட சில பழக்கங்கள் இன்றும் கைமாறி வருகின்றன. அவை அன்று வாழ்வைக் காத்தவை. ஆனால் ஹைபிரிட்டுக்கு அவற்றில் சில தீங்கானவை.

மண்ணெண்ணெய் கலத்தல்: அந்தக் காரின் காபரேற்றர் அதைத் தாங்கியது. இன்றைய எஞ்சினில் அது ஒக்டேனைக் குறைத்து எஞ்சினைத் தட்டவைக்கும். புகைக்குழாயில் உள்ள ஒட்சிசன் சென்சரையும் கட்டலிட்டிக் கொன்வேர்ட்டரையும் கெடுக்கும். மிச்சம் பிடித்த காசைப் போலப் பல மடங்கு கராஜுக்குப் போகும்.

நியூட்ரலில் விடுதல்: இறக்கத்திலும் சந்திக்கு முன்னும் நியூட்ரலுக்கு மாற்றி உருளவிடுவது பழைய கார்க்காரரின் வழக்கம். டொயோட்டா ஹைபிரிட்டில் நியூட்ரலில் பற்றரி ஏறாது. பிரேக்கில் கிடைக்கவேண்டிய மீட்பும் இல்லாமல் போகும். எப்போதும் 'டி'யிலேயே விடுங்கள். 'டி'க்குக் கீழே உள்ள எஞ்சின்-பிரேக் நிலை, நுவரெலியா போன்ற மலைப்பாதைகளில் நீண்ட இறக்கம் இறங்குவதற்கானது. எங்கள் சமதரையில் அது எரிபொருளைக் கூட்டவே செய்யும்.

சிக்னலில் சுவிட்சை நிறுத்துதல்: எஞ்சினைக் கார் தானாகவே நிறுத்தும். நீங்கள் முழுதாக நிறுத்தினால் லாபமில்லை.

விலைகூடிய பெற்றோல்: ஜப்பானில் சாதாரண பெற்றோலுக்காக வடிவமைக்கப்பட்ட அக்வா, பிரியஸ், வெகன் ஆர் போன்றவற்றுக்கு 92 ஒக்டேன் போதும். 95 ஊற்றினால் அவை கூடுதலாக ஓடா.

கான் பெற்றோல்: 2022 வரிசைக் காலத்துப் பயத்தால் இன்றும் சிலர் டிக்கியில் ஒரு கான் பெற்றோலோடு திரிகிறார்கள். பல ஹைபிரிட்களில் உயர் மின்னழுத்தப் பற்றரி பின்சீற்றுக்குக் கீழோ டிக்கியிலோதான் இருக்கிறது. அதனருகே பெற்றோல் ஆவி சேர்வது பேராபத்து. அந்தப் பயம் நியாயமானது. அதற்கு வழி தாங்கி பாதிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது.

ஏசியை நிறுத்துவது எப்போதும் லாபமா?

பிரியஸிலும் அக்வாவிலும் ஏசி மின்சாரத்தில் ஓடுகிறது. எஞ்சின் நின்றாலும் அது பற்றரியை உறிஞ்சும். பற்றரி இறங்கியதும் எஞ்சின் எழும்பும். எனவே வெயிலில் நின்ற காரில் ஏறியதும் முதலில் கண்ணாடிகளை இறக்கி ஒரு நிமிடம் ஓட்டுங்கள். சூடு வெளியேறிய பின் ஏசியைப் போட்டு, உள்காற்றைச் சுழலவிட்டு, 25, 26 பாகையில் வையுங்கள். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது கண்ணாடியைத் திறந்துவிடலாம். ஏ9இல் திறந்தால் காற்றின் எதிர்ப்புக் கூடும்.

ஆனால் நடுப்பகலில் ஏசியே போடாமல் வேகவைப்பதும் சிக்கனமல்ல. இந்தக் கார்களில் பற்றரி குளிர்வதே உள்ளறைக் காற்றால்தான். பின்சீற்றுப் பக்கத்தில் ஒரு காற்றுத் துவாரம் இருக்கும். அதன்மேல் பை, உடுப்பு, அரிசிமூடை எதையும் அடுக்காதீர்கள். அதன் வலையில் தூசு அடைத்தால் பற்றரி சூடாகும்; சூடு பற்றரியின் ஆயுளைக் குறைக்கும். கிரவல் வீதியில் ஓடும் காருக்கு அந்த வலையை ஒவ்வொரு சேர்விஸிலும் துப்புரவாக்கச் சொல்லுங்கள்.

டயர், ஒயில், சிறு வேலைகள்

டயரில் எவ்வளவு காற்று என்பது சாரதியின் கதவுப் பக்கத் தூணில் ஒட்டியிருக்கும். ஜப்பான் ஒட்டியில் 220 கிலோபஸ்கல் என்றிருந்தால் அது 32 பிஎஸ்ஐ. டயர் சூடாகாத காலை நேரத்தில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு கிலோமீற்றரிலும் காரைப் பின்னுக்கு இழுக்கும். அழகுக்காக அகலமான டயர் போடுவதும் அப்படித்தான்.

எஞ்சின் ஒயில் கைநூல் சொல்வதாகவே இருக்கட்டும். அக்வா, பிரியஸ், வெகன் ஆர் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் மெல்லிய 0டபிள்யூ-20. பழைய வானுக்கு ஊற்றும் தடித்த ஒயிலை ஊற்றினால் எஞ்சின் அதைக் கிண்டுவதற்கே பெற்றோல் செலவழிக்கும். செம்மண் தூசியில் ஓடும் காருக்கு எயார் பில்டரைக் குறித்த காலத்துக்கு முன்பே மாற்றவேண்டி வரலாம். வெகன் ஆர் சந்திகளில் எஞ்சினை நிறுத்துவதை விட்டுவிட்டால் முதலில் பார்க்கவேண்டியது அதன் 12 வோல்ற் பற்றரி. அந்த வேலைக்கென்று செய்த பற்றரிக்குப் பதில் மலிவானதைப் போட்டால் அந்த வசதி ஒழுங்காக இயங்காது.

எஞ்சின் குளிராக இருக்கும் முதல் சில நிமிடங்களில் பெற்றோல் கூடுதலாக எரியும். அதைத் தடுக்கமுடியாது. ஆனால் சந்தை, வங்கி, ரியூசன் என்று மூன்று தரம் குளிர்ந்த எஞ்சினோடு போவதை ஒரே சுற்றில் முடிக்கலாம்.

அளந்தால்தான் தெரியும்

டாஷ்போர்ட் காட்டும் எண்ணை அப்படியே நம்பவேண்டாம்; அது பெரும்பாலும் சற்றுக் கூட்டியே காட்டும். ஜப்பான் விளம்பர எண்ணையும் நம்பவேண்டாம். முதல் அக்வாவுக்குச் சொன்ன லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர் ஆய்வுகூடத்தில் எடுத்த அளவு. வீதியில் எவரும் அதை எதிர்பார்க்கக்கூடாது.

ஒரே பெற்றோல் செட்டில், குழாய் தானாக நிற்கும் வரை நிரப்பி, ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்குங்கள். அடுத்தமுறை அங்கேயே அதேபோல நிரப்புங்கள். ஓடிய தூரத்தை நிரப்பிய லீற்றரால் வகுத்தால் உண்மை தெரியும். 412 கிலோமீற்றருக்கு 19.6 லீற்றர் என்றால் லீற்றருக்கு 21. மூன்று தரமாவது இப்படி எழுதிவைத்துச் சராசரி பாருங்கள்.

மாதம் 1,500 கிலோமீற்றர் ஓடும் ஒருவர் லீற்றருக்கு 16இலிருந்து 20க்கு உயர்த்தினால் மாதம் 18.75 லீற்றர் மிஞ்சும். கணக்குக்காக லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் 5,625 ரூபா. ஹயர் ஓட்டுபவர் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஓடுவார்.

திடீரெனச் சிக்கனம் குறைந்தால்

ஓட்டும் முறை மாறாமலே சிக்கனம் குறைந்துகொண்டு போனால் உயர் மின்னழுத்தப் பற்றரியைச் சந்தேகிக்கலாம். பற்றரிக் கட்டங்கள் சில நிமிடங்களில் ஏறி, அதே வேகத்தில் இறங்குவது. பின்சீற்று விசிறி எப்போதும் இரைவது. நின்ற இடத்தில் எஞ்சின் அடிக்கடி எழும்புவது ஆகியவை அடையாளங்கள். ஓபிடி கருவியைப் பூட்டி, கைப்பேசிச் செயலியில் பற்றரியின் ஒவ்வொரு பகுதியின் வோல்ற்றையும் பார்க்கலாம். கார் சுமையில் ஓடும்போது ஒரு பகுதி மட்டும் மற்றவற்றைவிட விழுந்தால் அது களைத்துவிட்டது. பாவித்த ஹைபிரிட் வாங்குபவர்கள் காசு கொடுக்கமுன் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்கவேண்டும்.

அந்தப் பகுதிகளைக் கராஜ்காரர் 'செல்' என்பார்கள். எங்களில் பலருக்கு அந்தச் சொல்லின் முதல் பொருள் வேறு. களைத்த செல்லை மட்டும் மாற்றுவது மலிவு. ஆனால் அதே வயதுடைய மற்றவையும் பின்னால் வரிசையாக விழக்கூடும் என்பதை அறிந்தே முடிவெடுங்கள். உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள். பயிற்சி இல்லாத எவரையும் பற்றரியைத் திறக்க விடாதீர்கள். நீங்களும் யூரியூப் பார்த்துத் திறக்காதீர்கள். செம்மஞ்சள் நிற வயர்களில் ஓடுவது உயிரைக் குடிக்கும் மின்சாரம். அக்வாவில் அது 520 வோல்ற் வரையும், மூன்றாம் தலைமுறை பிரியஸில் 650 வோல்ற் வரையும் உயரும்.

எதில் தொடங்குவது?

காசு செலவில்லாதவற்றை முதலில் செய்யுங்கள்: தூரத்திலேயே காலை எடுப்பது, 70ஐத் தாண்டாதது, நியூட்ரலை மறப்பது, டிக்கியைக் காலியாக்குவது. அடுத்து, சில நூறு, சில ஆயிரம் ரூபாவில் முடிபவை: டயர் காற்று, பில்டர், சரியான ஒயில், பற்றரித் துவாரத்தின் வலை. இவை எல்லாம் செய்து, மூன்று தாங்கி அளந்து பார்த்த பிறகும் எண் தேறவில்லை என்றால் மட்டும் பற்றரிக்குக் கை வையுங்கள். பல கார்களில் குறையும் கிலோமீற்றர்கள் பற்றரியில் இல்லை. முதல் இரண்டு வரிசைகளில்தான் இருக்கின்றன. அவற்றைச் சரிசெய்யாமல் புதுப் பற்றரிக்குக் கடன் வாங்குவது, ஓட்டை வாளியோடு கிணற்றுக்குப் போவது போலத்தான்.